சங்குக் கூரைக்கு முன் வெயிலை வரை: மருமகளுக்கு ஒரு கடிதம்

அன்பு மருமகளுக்கு,

கடைசி ஆண்டுத் திட்டத்துக்குத் திருகோணமலையில் ஓர் உதைபந்தாட்ட அரங்கை வரைகிறாய் என்று அம்மா சொன்னதிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. நீ அனுப்பிய சங்கு வடிவக் கூரை அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைக் கொஞ்சம் தள்ளி வை, பிள்ளை. முதலில் வெயிலையும் காற்றையும் வரை.

2022 உலகக் கிண்ணத்துக்குக் கட்டார் கட்டிய அரங்குகள்தான் முன்மாதிரி என்று எழுதியிருந்தாய். அல் பைத் பாலைவனக் கூடாரம், அல் துமாமா அரபு ஆண்களின் தொப்பி, கட்டடக் கலைஞர் ஸாஹா ஹதீத் வரைந்த அல் ஜனூப் பாய்மரக் கப்பல். சரி, அந்த வடிவங்களுக்குள்ளே குளிரூட்டி ஓடுகிறதே! மத்தியானம் 1 மணிக்கு அல் ஜனூபில் ஆட முடிந்தது அதனால்தான். நம்மூரில் அந்த மின்கட்டணத்தை யார் கட்டுவது?

நீ பார்க்க வேண்டியது 974 அரங்கு. ஸ்பெயினின் ஃபென்விக் இரிபாரன் நிறுவனம் வரைந்தது. டோஹாத் துறைமுகத்துக்குப் பக்கத்தில், கடலோரம். உருக்குச் சட்டத்துக்குள் 974 கண்டெய்னர்கள். அந்த எண் கட்டாரின் தொலைபேசிக் குறியெண்ணும்தான். கழிப்பறையும் கடையும் பெட்டிகளுக்குள். இடைவெளிகளால் கடற்காற்று வந்து போகும். எட்டு அரங்குகளில் குளிரூட்டி இல்லாதது இது ஒன்றுதான். அதனால் அங்கே நடந்த ஏழு ஆட்டங்களும் இரவு 7 மணிக்கோ 10 மணிக்கோ தொடங்கின. கட்டடத்தால் முடியாததை நேரத்தால் சரிக்கட்டினார்கள்.

கிண்ணம் முடிந்ததும் முழுதாகக் கழற்றலாம் என்றுதான் அதைக் கட்டினார்கள். 2024 டிசம்பரிலும் அங்கே ஆட்டம் நடந்தது என்பது வேறு கதை. எனக்குப் பெரிதாகப் படுவது அந்தப் பூட்டும் முறை. கழற்றக்கூடியதைக் கூட்டவும் முடியும். பணம் குறைந்த ஊர் ஒரு கலரியோடு, அதாவது பார்வையாளர் உட்காரும் ஒரு பக்கப் படிவரிசையோடு தொடங்கி, பிறகு வளரலாம்.

அந்த முதல் கலரி மேற்கில் வரட்டும். நம்மூரில் எந்த மைதானத்திலும் பின்னேரம் 4 மணிக்கு மேற்கைப் பார்த்து உட்கார்ந்து பார், பந்து தெரியாது. மைதானத்தின் நீளம் வடக்கு தெற்காக இருந்தால் கோல் காப்பாளர்களின் கண்ணிலும் நேராக வெயில் அடிக்காது. ஆனி, ஆடியில் கச்சான் காற்று மேற்கிலிருந்து சுட்டுக்கொண்டு வந்து உயரப் பந்தையெல்லாம் இழுத்துப் போகும். கூரை போட்ட மேற்குக் கலரி வெயிலை மறைக்கும், அந்தக் காற்றின் வேகத்தையும் உடைக்கும். கிழக்கைத் தாழ்வாக விடு, கடற்காற்று வரட்டும். வாடைக்காற்றுக் காலத்தில் கொட்டும் மழைக்கு வடிகால் வேண்டும். உப்புக்காற்றில் கண்டெய்னர் துருப்பிடிக்கும். எந்த இரும்பு, எந்தப் பூச்சு என்பதையும் எழுது.

இன்னொன்று. அந்த அரங்குகளை வெயிலில் நின்று கட்டியவர்கள் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். ஆட்டக்காரர்களுக்காக உலகக் கிண்ணத்தையே நவம்பருக்குத் தள்ளினார்கள். தொழிலாளர்களுக்கோ, ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 முதல் பிற்பகல் 3.30 வரை வெளிவேலை கூடாது என்ற விதி 2021இல்தான் வந்தது. மிகவும் தாமதம். உன் திட்டத்தில் வேலை நேரத்தையும், தொழிலாளர் நிழலில் இருந்து சாப்பிடும் இடத்தையும் முதல் தாளிலேயே போடு.

அடுத்த முறை மேற்குக் கலரியின் குறுக்குவெட்டுப் படத்தை அனுப்பு. பின்னேரம் 4 மணி நிழல் எங்கே விழுகிறது என்று அதில் குறித்திரு. இங்கே ஆடும் பிள்ளைகளிடமும் நடுவர்களிடமும் காட்டிக் கேட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
மாமா