"இப்பதானே குடிச்சேன்" என்கிறார் அம்மா

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கோடை பிறந்ததும் உங்கள் நாளிதழில் வழக்கம்போல வெயில் எச்சரிக்கை வந்தது. உச்சி வெயிலில் வெளியே போகாதீர்கள், தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடியுங்கள் என்று. நல்ல அறிவுரைதான். ஆனால் அதைக் கேட்டு நடக்க முடியாத ஒருவர் எங்கள் வீட்டில் இருக்கிறார். அம்மாவுக்கு 78 வயது. ஐந்து வருடமாக டிமென்ஷியா என்கிற மறதி நோய்.

"தண்ணி குடிச்சியாம்மா?" என்று கேட்டால், "இப்பதானே குடிச்சேன்" என்பார். பொய் இல்லை, குடித்ததாகவே நம்புகிறார். காலையில் நான் நிரப்பி வைத்த பாட்டில் மதியமும் அப்படியே இருக்கும். ஃபேனைப் போட்டால், "யாருக்கு ஓடுது, கரண்ட் வீணு" என்று எழுந்துபோய் அணைத்துவிடுவார். போன வருடம் மே மாதத்தில் ஒரு மதியம், ஜன்னல் எல்லாம் சாத்திய அறையில், புடவைக்கு மேல் கம்பளியையும் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கழுத்தைத் தொட்டால் சுட்டது. உதடு வெடித்திருந்தது. அன்று மாலை என்னைப் பார்த்து, "யாரும்மா நீ?" என்று கேட்டார்.

நோய் முற்றிவிட்டது என்றார்கள் அக்கம்பக்கத்தில். நானும் அப்படித்தான் நினைத்தேன். அழுதுகொண்டே ஒரு ராத்திரியை வீணாக்கிவிட்டேன். மறுநாள் டாக்டர் பார்த்துவிட்டு, உடம்பில் நீர்ச்சத்து வற்றிவிட்டது, கூடவே சிறுநீர்த் தொற்றும் இருக்கிறது என்றார். மூன்று நாள் டிரிப்ஸ் ஏற்றிய பிறகு என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, காபி கேட்டார்.

இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். டிமென்ஷியா மெல்ல மெல்ல முற்றுகிற நோய். வெயில் நாளில் ஒரே நாளில் ஆள் மாறிப்போனால், திடீரென்று குழப்பமோ தூக்கமோ அதிகமானால், அது பெரும்பாலும் வேறு ஏதோ கோளாறு. நேரத்தில் கொண்டுபோனால் பல சமயம் சரிசெய்துவிடலாம்.

வயதானாலே தாகம் குறைவாகத்தான் தெரியும். டிமென்ஷியா உள்ளவர்களுக்கு, தெரிந்தாலும் சொல்லத் தெரியாது. உடல் சூட்டைச் சீராக வைத்திருக்கும் மூளைப் பகுதியே பழுதுபட்டிருக்கலாம். அப்புறம் மாத்திரைகள். சிறுநீர் அடக்க முடியாததற்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் வியர்வையைக் குறைக்கும். ஆத்திரத்தையும் படபடப்பையும் தணிக்கக் கொடுக்கும் சில மருந்துகளால் உடம்பு சூட்டைத் தாங்கும் சக்தி குறையும். நாமாக எதையும் நிறுத்தக் கூடாது. ஆனால் மார்ச் மாதமே மாத்திரைச் சீட்டை எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம்.

ஜன்னலை ஏன் சாத்தி வைத்தாய் என்று நீங்கள் கேட்கலாம். நாங்கள் இருப்பது வடசென்னையில், குப்பைமேட்டுக்குப் பக்கத்தில். காற்று இந்தப் பக்கம் திரும்பினால் புகை வீட்டுக்குள் வந்துவிடும். திறந்தால் புகை, மூடினால் புழுக்கம். அந்தப் புகையும் மூளைக்கு ஆகாது. காற்று மாசை டிமென்ஷியா வரும் அபாயத்தைக் கூட்டும் காரணங்களில் ஒன்றாக, லான்செட் மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் ஆணையம் 2020இலேயே சேர்த்துவிட்டது. பிஎம் 2.5 என்கிற நுண்துகள் நுரையீரல் வழியாக ரத்தத்தில் கலந்து, ரத்தக் குழாய்களைக் கெடுக்கிறது. ஒரு கனமீட்டர் காற்றில் ஆண்டுச் சராசரியாக 5 மைக்ரோகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் நாட்டுச் சட்டம் 40 வரை விடுகிறது. எட்டு மடங்கு! குப்பை எரிவதை நாற்றப் பிரச்சினையாக மட்டும் பேசிக்கொண்டிருக்கிறோம். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்கலாம் என்று 2023இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. நம் அரசு 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. மனதார வரவேற்கிறேன். 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள் பிரஷர், சுகர் மாத்திரையோடு வீடு தேடி வருகிறார்கள். அவர்களிடமே மறதி நோயாளிகள் உள்ள வீடுகளின் பட்டியல் இருக்கட்டும். கோடைக்கு முன்பே ஒருமுறை வந்து, பார்த்துக்கொள்பவரிடம் எதைக் கவனிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போகட்டும்.

எங்கள் வீட்டில் இப்போது "குடிம்மா" என்று சொல்வதில்லை. மணிக்கு ஒருமுறை இரண்டு டம்ளர் மோர் எடுத்து வந்து, ஒன்றை அம்மா கையில் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து நானும் குடிக்கிறேன். நான் குடித்தால் அவரும் குடிக்கிறார். இளநீர், நுங்கு, தர்பூசணி எல்லாமும் அப்படித்தான். கம்பளி இப்போது பரணில் இருக்கிறது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அக்னி நட்சத்திர நாட்களில் ஊர்வாரியாக வெயில் அளவு போடுகிறீர்களே, அந்தக் கட்டத்துக்குக் கீழே ஒரே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: வீட்டில் மறதி நோயாளி இருந்தால், தண்ணீர் குடித்தாரா என்று அவரிடம் கேட்காதீர்கள், பாட்டிலைப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வடசென்னை.