இயற்கைச் சட்டம் விலங்குகளின் சட்டம் அன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் அறவியல் கட்டுரையில், ‘விலங்குகள் செய்யாததை மனிதனும் செய்யக் கூடாது என்பதுதான் கிறித்தவர்கள் சொல்லும் இயற்கை விதி’ என்று ஒரு வரி வந்திருக்கிறது. கட்டுரையாளர் போகிற போக்கில் எழுதிய வரிதான் என்றாலும், படித்த நாளிலிருந்து அது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

தாங்கள் அறியாததன்று, பதின்மூன்றாம் நூற்றாண்டு இறையியலாளர் புனித தாமஸ் அக்குவினாஸ் தம் ‘இறையியல் தொகுப்பில்’ இயற்கைச் சட்டத்தின், அதாவது மனிதன் தன் அறிவாலேயே உணரும் ஒழுக்கச் சட்டத்தின், முதற்கட்டளையாக வைப்பது, நன்மையை நாடிச் செய்ய வேண்டும், தீமையை விலக்க வேண்டும் என்பதைத்தான். அதன் பிறகே மனித நாட்டங்களை அடுக்குகிறார்: உயிரைக் காத்துக்கொள்வது எல்லாப் பொருள்களோடும் பொது, இணைந்து மக்களைப் பெற்று வளர்ப்பது விலங்குகளோடு பொது, கடவுளைப் பற்றிய உண்மையை அறிவதும் சமூகமாய்க் கூடி வாழ்வதும் மனிதனுக்கே உரியவை. இரண்டாவதைச் சொல்லுமிடத்தில் அவர் எடுத்தாள்வது, இயற்கை எல்லா விலங்குகளுக்கும் கற்பித்தது என்னும் உரோமைச் சட்ட அறிஞர் உல்பியனின் வரையறையை. தங்கள் கட்டுரையாளர் அந்த ஒரு படியை மட்டும் எடுத்துக்கொண்டு அதுவே மாளிகை என்று காட்டிவிட்டார்.

‘விதி’ என்ற சொல்லும் பொருந்தாது. மேலே எறிந்த கல் கீழே விழுவதுதான் விதி. விழமாட்டேன் என்று கல்லால் சொல்ல முடியாது. மனிதனால் முடியும். ஆகவேதான் அக்குவினாஸ் இயற்கைச் சட்டத்தை, அனைத்தையும் நடத்தும் இறைஞானமாகிய நிலையான சட்டத்தில் அறிவுள்ள படைப்பு கொள்ளும் பங்கு என்கிறார். இதே சொல்லைப் பற்றி மூன்று ஆண்டுகளுக்கு முன்பும் தங்களுக்கு எழுதினேன். கடிதம் வெளிவரவில்லை, பதிலும் வரவில்லை.

என் தாயார் பள்ளிக்கூட வாசலை மிதித்தவர் அல்லர். வெளியூருக்குப் பிழைக்கப் போன பக்கத்து வீட்டுக்காரர் தம் வெட்டரிவாளை அவரிடம் கொடுத்துவைத்திருந்தார். ஊருக்குத் திரும்பியவர் ஒரு நாள் இரவு, தம்பியோடு வரப்புத் தகராறு முற்றிய ஆத்திரத்தில் வந்து அதைக் கேட்டார். “உன் பொருள்தான்யா, இல்லைன்னா சொன்னேன்? விடியட்டும், தாரேன்” என்று சொல்லி அம்மா கதவைச் சாத்திக்கொண்டார். விடிந்ததும் அவரே கொண்டுபோய்க் கொடுத்தார். பல ஆண்டுகள் கழித்து அக்குவினாஸைப் படித்தபோது, நம்பிக் கொடுத்த பொருளைத் திருப்பித் தருவது கடமை, ஆனால் தாய்நாட்டுக்கு எதிராகப் போரிடுவதற்காக ஒருவர் அதைக் கேட்டால் தருவது அறிவுக்கு ஒவ்வாது என்ற இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். மோசே வழி வந்த திருச்சட்டம் பெறாதவர்களின் உள்ளத்திலும் அது எழுதப்பட்டிருக்கிறது என்று திருத்தூதர் பவுல் உரோமையருக்கு எழுதியதன் பொருள் எனக்கு அன்றுதான் விளங்கியது. எந்த விலங்கைப் பார்த்து என் தாயார் இதைக் கற்றுக்கொண்டார்?

குறை கத்தோலிக்கர்களாகிய எங்கள் பக்கமும் இருக்கிறது. 1968இல் திருத்தந்தை ஆறாம் பவுல் செயற்கைக் கருத்தடையை மறுத்துச் சுற்றுமடல் வெளியிட்டதிலிருந்து, இயற்கைச் சட்டம் என்றாலே படுக்கையறை விவகாரம் என்றாகிவிட்டது. பத்திரிகைகளும் அதற்குமேல் கேட்பதில்லை, எங்கள் மறையுரைகளும் அதற்குமேல் சொல்வதில்லை. உயிர் போகும் பசியில் பிறர் பொருளை எடுப்பது திருட்டாகாது என்று அதே அக்குவினாஸ் எழுதியதை நான் ஒரு மறையுரையிலும் கேட்டதில்லை.

இந்தச் சிந்தனை தவறாகவும் பயன்பட்டதுண்டு. 1550இல் ஸ்பெயினின் வல்லதோலித் நகரில் தொடங்கிய விவாதத்தில், சிலர் இயல்பிலேயே அடிமைகள் என்ற அரிஸ்டாட்டிலின் வாதத்தை அமெரிக்கப் பழங்குடியினருக்குப் பொருத்தி, செபுல்வேதா என்ற அறிஞர் தூக்கிப் பிடித்தார். ஆனால் எதிரே நின்று அவர்களும் நம்மைப் போல் அறிவுள்ள மனிதர்களே என்று வாதாடிய லாஸ் கசாஸ் டொமினிக்கன் துறவி, அக்குவினாஸின் சபையைச் சேர்ந்தவர். அதற்கும் முன்பே, 1539இல், அந்த மண்ணுக்கு அம்மக்களே உண்மையான உடைமையாளர்கள் என்று சலமான்கா பல்கலைக்கழகத்தில் விரிவுரை நிகழ்த்திய இறையியலாளர் வித்தோரியாவும் அதே சபையினர்தாம். 1963இல் அமெரிக்காவின் பர்மிங்காம் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில் மார்ட்டின் லூதர் கிங், நிலையான சட்டத்திலும் இயற்கைச் சட்டத்திலும் வேரூன்றாத மனிதச் சட்டம் அநீதியானது என்பதற்கு அக்குவினாஸைத்தான் துணைக்கு அழைத்தார். விலங்குகளைப் பார்த்து ஒழுகச் சொல்லும் கோட்பாட்டிலிருந்து இப்படி ஒரு கடிதம் பிறந்திருக்குமா?

கட்டுரையாளரின் கருத்தை மாற்றிக்கொள்ளச் சொல்ல எனக்கு உரிமையில்லை. இந்தச் சிந்தனையை மறுக்கத் தக்க காரணங்கள் உண்டு, அவற்றை அவர் எழுதினால் மரியாதையோடு படிப்பேன். அடுத்த இதழில் அந்த வரிக்கு ஒரு சிறு திருத்தம் வெளியிடுங்கள். இனி ‘இயற்கை விதி’ என்னாமல் ‘இயற்கைச் சட்டம்’ என்று அச்சிடுங்கள். நான் கேட்பது இவ்வளவே.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
தூத்துக்குடி