மலையேற்றப் படிவத்தில் கண்ணுக்கும் ஒரு கேள்வி வேண்டும்

இமயமலைப் பயணங்களை நடத்தும் அமைப்பாளர்களுக்கும் அவர்களுடைய மருத்துவ ஆலோசகர்களுக்கும் வணக்கம்.

நான் இதுவரை நிரப்பிக் கொடுத்த மலையேற்றப் படிவங்களில் இதயம், இரத்த அழுத்தம், ஆஸ்துமா, நீரிழிவு பற்றியெல்லாம் கேட்டிருந்தார்கள். கண்ணில் அறுவை சிகிச்சை செய்துகொண்டீர்களா என்ற கேள்வி ஒன்றில்கூட இல்லை. அதைச் சேர்க்கும்படி கேட்கவே இம்மடலை எழுதுகிறேன்.

1996 மே 10 அன்று எவரெஸ்டில் ஏறிக்கொண்டிருந்த அமெரிக்க மருத்துவர் பெக் வெதர்ஸ், கிட்டப்பார்வைக்காக ரேடியல் கெரடாட்டமி என்னும் கண் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். பார்வை மங்கியதால் சுமார் 8,400 மீட்டர் உயரத்தில் நின்றுவிட்ட அவர், தான் திரும்பி வரும்வரை காத்திருக்கும்படி வழிகாட்டி சொல்லிச் சென்றதால் மணிக்கணக்காக அங்கேயே இருந்தார். அந்த வழிகாட்டி திரும்பவே இல்லை. மாலையில் பிறரோடு இறங்கும்போது புயலில் சிக்கி உயிர் பிழைத்தாலும், வலக்கையை முழங்கைக்குக் கீழேயும் இடக்கை விரல்களையும் மூக்கையும் பனிக்கடிக்குப் பறிகொடுத்தார்.

கருவிழியின் முன்புறப் படலத்தில் இரத்தக் குழாய்கள் இல்லை. தனக்கு வேண்டிய ஆக்சிஜனில் பெரும்பங்கை அது கண்ணீரின் வழியே காற்றிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. உயரத்தில் ஆக்சிஜன் குறையும்போது எல்லோருக்கும் அப்படலம் சற்று வீங்கும். ஆனால் ரேடியல் கெரடாட்டமியில் சக்கரத்தின் ஆரங்களைப் போல ஆழமாகக் கீறிய கண்ணில், அந்த வீக்கம் கீறல்களைச் சுற்றி விளிம்பில் எழுந்து நடுப்பகுதியைத் தட்டையாக்குவதால், கிட்டப்பார்வைக்குச் சிகிச்சை பெற்றவருக்கு அதற்கு நேர்மாறான தூரப்பார்வை என்னும் குறை உண்டாகிறது. அமெரிக்காவின் பைக்ஸ் சிகரத்தில், சுமார் 4,300 மீட்டர் உயரத்தில் மூன்று நாள் நடந்த ஆய்வில் இம்மாற்றம் நாளுக்கு நாள் கூடியது, கீழே இறங்கியபின் மறைந்தது, பி.ஆர்.கே. என்னும் லேசர் சிகிச்சை பெற்ற கண்களில் அது தென்படவில்லை. முகமூடி வழியே சுவாசிக்கும் ஆக்சிஜன் நுரையீரலுக்குப் போகிறதே தவிர, கண்ணின் முன்னுள்ள காற்றை மாற்றுவதில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இன்று பரவலாகச் செய்யப்படும் லேசிக் என்னும் லேசர் சிகிச்சை இந்த அளவுக்கு அச்சம் தருவதன்று. அச்சிகிச்சைக்குப்பின் எவரெஸ்ட் ஏறியவர்களில் பெரும்பாலோருக்குப் பார்வை நன்றாகவே இருந்தது, சிலருக்கு மட்டும் மிக உயரத்தில் மங்கியது. கண் வறட்சி வேறு தொல்லை தரும். ஆகவே சிகிச்சை நடந்ததா என்று மட்டும் கேட்டால் போதாது. எந்த முறை, எந்த ஆண்டு என்றும் கேளுங்கள். ரேடியல் கெரடாட்டமி செய்தவர்கள் படிப்படியாகக் கூடும் பிளஸ் பவர் கண்ணாடிகள் சிலவற்றை உடன் எடுத்துவரச் செய்யுங்கள். விழித்திரை அறுவையின்போது கண்ணுக்குள் வாயுக் குமிழி வைக்கப்பட்டவர்களை, அது முற்றிலும் கரைந்துவிட்டதாகக் கண் மருத்துவர் எழுதித் தரும்வரை ஏற்றிச் செல்லவே வேண்டாம். உயரத்தில் அக்குமிழி விரிந்து கண் அழுத்தத்தை ஏற்றிப் பார்வையையே பறித்துவிடக்கூடும்.

உங்கள் வழிகாட்டிகளிடமும் ஒன்று சொல்லுங்கள்: பார்வை மங்குகிறது என்று ஒருவர் சொன்னால் அவரை உட்கார வைத்துக் காத்திருக்கச் சொல்லாமல், வெளிச்சம் இருக்கும்போதே துணையோடு கீழே அனுப்ப வேண்டும்.

பணிவுடன்,
மலையேறும் ஒருவர்