பால் கேனை எடைக்குப் போட்டுவிடாதீர்கள், பெரியப்பா

அன்புள்ள பெரியப்பா,

கடைசி மாட்டையும் விற்றுவிட்டீர்கள் என்று பெரியம்மா போனில் சொன்னார். முழங்கால் வலியோடு இனியும் குத்தவைத்துக் கறக்க முடியாதுதான். சரி என்றேன். ஆனால் மனசு கேட்கவில்லை.

உங்கள் மேல் எனக்கு ஒரு பழைய கோபம் உண்டு. என் கல்யாணத்தில் தாலி கட்டிய கையோடு, பந்தியில்கூட உட்காராமல் கிளம்பிவிட்டீர்கள். கிணற்றுமேட்டு அக்காவின் மாடு கன்று போட முடியாமல் கிடக்கிறதாம், டாக்டர் வர நேரமாகுமாம். என்னைவிட மாடு பெரிதா என்று பல நாள் பேசாமல் இருந்தேன்.

அது அந்த வீட்டின் ஒரே மாடு. காணி நிலம் கிடையாது. சொசைட்டியில் வாங்கும் பால் பணம்தான் அரிசி, பிள்ளைகளின் நோட்டு எல்லாம். இது எனக்குப் புரியப் பல வருடம் ஆயிற்று.

அதே அக்காவின் பால் ஒரு சமயம் கொழுப்பே ஏறாமல் நின்றது. தண்ணீர் ஊற்றுகிறாள் என்று வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். சொசைட்டியில் பாலைச் சோதித்துக் கொடுத்த சீட்டை நீங்கள் வாங்கிப் பார்த்தீர்கள். தண்ணீர் கலந்தால் கொழுப்பும் குறையும், இதரச் சத்தும் குறையும். இங்கே கொழுப்பு மட்டும்தான் குறைவு. அன்று சாயங்காலமே அவள் கறக்கும்போது போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். கன்று பாவம் என்று கடைசிப் பாலை அவள் அப்படியே மடியில் விட்டுவிடுகிறாள். கறக்கக் கறக்கத்தான் கொழுப்பு கூடும், முடிவில் வருவதுதான் கெட்டிப் பால். "கன்றுக்கு ஒரு காம்பை முதலிலேயே விட்டுடு கண்ணு, மற்ற மூன்றையும் ஒட்டக் கற" என்றீர்கள். பத்தே நாளில் அவளுக்கு விலையும் கூடியது, பழியும் போயிற்று. முணுமுணுத்தவர்களை நீங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானாக இருந்தால் விட்டிருக்க மாட்டேன்.

2022 நவம்பரில் பசும்பால் கொள்முதல் விலை லிட்டருக்கு 32 ரூபாயிலிருந்து 35 ஆனபோது நான் சந்தோஷமாகப் போன் செய்தேன். புண்ணாக்கு, தவிடு, பருத்திக்கொட்டை என்று கணக்குச் சொல்லி என் வாயை அடைத்தீர்கள். உங்கள் கூலியை அந்தக் கணக்கில் நீங்கள் சேர்க்கவே இல்லை.

ஞாயிறு வருகிறேன். இந்த முறை நாம் இரண்டு பேரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அப்புறம், திண்ணையில் இருக்கும் அந்த நசுங்கிய அலுமினியக் கேனைப் பெரியம்மா எடைக்குப் போட்டுவிடப் போகிறார். எடுத்து வையுங்கள், எனக்கு வேண்டும்.

உங்கள் தம்பி மகன்