சர்தாரைத் தலைவர் என்று எழுதாதீர்கள்

எங்கள் ஊர்க் கோவில் கமிட்டித் தலைவர் ஐயாவுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மண்டபத்தில் நீங்கள் திறந்துவைத்த கல்வெட்டைப் பற்றித்தான் எழுதுகிறேன். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் முன்னோரைக் கரும்புத் தோட்டங்களில் வேலை வாங்கிய கங்காணிகளான சர்தார்களின் பெயர்களை வரிசையாகப் பொறித்து, மேலே 'நம் முதல் தலைவர்கள்' என்று போட்டிருக்கிறீர்கள். கரும்பு வெட்டியவர்களுக்குக் கீழே ஒரே வரி: 'மற்றும் தொழிலாளர்கள்'. கூட்டத்தில் கேட்டபோது, சர்தார் என்றால் தமிழில் தலைவர்தானே என்றீர்கள்.

அகராதிப்படி சரி. சர்தார் பாரசீகச் சொல். 'சர்' என்றால் தலை. இந்துஸ்தானி வழியாக நேட்டால் தோட்டங்களுக்கு வந்தது. நம் 'தலைவர்' என்ற சொல்லும் தலையிலிருந்து பிறந்ததுதான். ஆனால் தமிழில் தலை என்பது உறுப்பு மட்டும் இல்லை, முதலும் சிறப்பும்கூட. மூத்த பிள்ளையைத் தலைச்சன் என்கிறோம். காது கொடுத்துக் கேட்டுப் பெறும் அறிவைத்தான் 'செல்வத்துள் எல்லாம் தலை' என்றார் வள்ளுவர். ஊரார் முன்னால் நிறுத்துகிறவர் தலைவர். சர்தாரை நிறுத்தியது யார்? தோட்டத்து முதலாளி. சம்பளம் கொடுத்ததும் அவர்தான்.

'டபுள் கட்' பற்றி உங்கள் வீட்டிலும் சொல்லியிருப்பார்கள். ஒப்பந்தக் கூலிக்கு முதல் வருஷம் மாதச் சம்பளம் 10 ஷில்லிங். ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலி பிடித்தம்; அதுதான் டபுள் கட். விடியும் முன்னே சர்தார் வந்து கூலிகள் குடியிருந்த பாரக்ஸின் கதவைத் தடியால் தட்டுவானாம். காய்ச்சலில் கிடந்த பெண்ணிடம், "எழுந்திருக்கிறியா, ரெண்டு நாள் கூலி போகட்டுமா" என்று கேட்டானாம். அவள் கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு கரும்புக்குள் போனாள். என் ஆயாவைப் பெற்றவள் அவள். ஆயா கடைசிவரை சர்தாரை 'வந்தான், போனான்' என்றுதான் சொன்னார். அவனைத் தலைவர் என்று நான் எந்த வாயால் படிப்பேன்?

எல்லாச் சர்தாரும் கொடியவர் என்று சொல்லவில்லை. பெயர்கள் இருக்கட்டும், சர்தார்கள் என்றே இருக்கட்டும். 'தலைவர்கள்' என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள்.

மொரிஷியஸில் பிறந்து, இங்கே காந்தியோடு சத்தியாகிரகத்தில் நின்ற தம்பி நாயுடுவுக்கு எந்த முதலாளி பதவி கொடுத்தார்? 1913-ல் தமிழ்ப் பெண்களோடு நியூகாசிலுக்குப் போய், ஒப்பந்தம் முடிந்த இந்தியர்கள் மேல் போட்ட 3 பவுண்டு வரி ஒழிய வேலையை நிறுத்துங்கள் என்று நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடம் கேட்டார். ஆயிரக்கணக்கானோர் வேலையை விட்டு வந்தார்கள். மறுவருஷம் வரி ஒழிந்தது. அவர் தலைவர். உங்கள் கல்லில் அவர் பெயரைக் காணோம்.

நம்மிடையே இதுவே வழக்கமாகிவிட்டது. நன்கொடை கொடுத்தால் தலைவர், மேடையில் மாலை விழுந்தால் தலைவர். பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித்தர ஒரு வாத்தியாரை வைக்கப் பணம் இல்லை, கருங்கல்லுக்கு மட்டும் இருக்கிறது! சரி, அதைத் தனியாகப் பேசலாம். வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கேட்பது அந்தத் தலைப்பை மாற்றத்தான். அப்புறம், வெட்டியவர்களின் பெயர்களையும் சேர்க்க முடியுமா என்று பாருங்கள். கப்பல் பட்டியல்களில் எண், பெயர், தகப்பன் பெயர், ஊர் எல்லாம் இருக்கின்றன. 1860-ல் மதராஸிலிருந்து வந்த ட்ரூரோ கப்பலிலிருந்தே தொடங்கலாம். எழுதியெடுக்கும் வேலையை நான் செய்து தருகிறேன். அந்தக் கப்பல் வந்து சேர்ந்த நாளான நவம்பர் 16 அன்று வரும் விழாவுக்கு முன்னால் கல்லைத் திருத்திவிடும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கோவில் அங்கத்தினர் ஒருவர்