ஒரு கோட்டும் ஒரு வாசலும்

மாப்ள,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிவிட்டது. வலது கண்ணில் புரை எடுத்தார்கள். கொஞ்ச நாளைக்குப் படிப்பும் கூடாது, டிவியும் கூடாது என்று மகள் கறாராகச் சொல்லிவிட்டாள். இப்போது பளிச்சென்று தெரிகிறது. அந்தக் கண்ணோடு முதலில் பார்த்த படம் அமெரிக்க இயக்குநர் ஜான் ஃபோர்டின் 'தி சர்ச்சர்ஸ்'.

காலேஜில் பார்த்தபோது குதிரையும் துப்பாக்கியும்தான் கண்ணில் பட்டன. இந்த முறை ஒரு கோட்டு. கதாநாயகன் ஜான் வெய்ன் கிளம்பப்போகிறார். அவருடைய கோட்டை எடுத்துவர உள்ளறைக்குப் போன சகோதரன் மனைவி, யாருமில்லை என்று நினைத்து அதை மெதுவாகத் தடவிக்கொடுக்கிறாள். முன்னறையில் காபி குடித்துக்கொண்டு நிற்கும் இன்னொரு நடிகர் வார்ட் பாண்டுக்கு அது தெரிந்துவிடுகிறது. பார்வையைத் திருப்பி நேர் எதிரே வைத்துக்கொண்டு, காபியைக் குடித்தபடியே நிற்கிறார். அவர்களுக்குள் என்ன இருந்தது என்று படத்தில் ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அப்பா இன்னும் அம்மாவின் சேலையை எடுத்து எடுத்து மடித்து வைக்கிறார், நீ உள்ளே போகாமல் திரும்பி வந்துவிட்டாய் என்று எழுதியிருந்தாயே, அந்த வரி ஞாபகம் வந்து படத்தை நிறுத்திவிட்டேன்.

ஃபோர்டுக்கு இந்த மாதிரி வெஸ்டர்ன், அதாவது கௌபாய் படத்துக்காக ஆஸ்கர் உண்டா என்று கேட்டிருந்தாய். சிறந்த இயக்குநர் விருது நான்கு முறை வாங்கினார், அந்தச் சாதனையை இன்றுவரை யாரும் எட்டவில்லை. ஆனால் 1935, 1940, 1941, 1952 படங்களுக்குக் கிடைத்த அந்த நான்கில் ஒன்றுகூட வெஸ்டர்ன் இல்லை. 1956-இல் வந்த 'தி சர்ச்சர்ஸ்' படத்துக்கு ஒரு பரிந்துரைகூட வரவில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை. மட்டமான சரக்கு என்று ஒதுக்கிய வகையை 1939-இல் 'ஸ்டேஜ்கோச்' எடுத்து நிமிர்த்தி வைத்தவரே அவர்தான்.

கடைசிக் காட்சியைச் சொல்லியே ஆக வேண்டும். எல்லோரும் வீட்டுக்குள் போய்விடுகிறார்கள். வெய்ன் மட்டும் வாசலுக்கு வெளியே, இடக்கையால் வலது முழங்கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அது ஹாரி கேரி நிற்கும் விதம். 1917-இல் ஃபோர்டு இயக்கத் தொடங்கியபோது அவருடைய நாயகன் இந்தக் கேரிதான், இருவரும் சேர்ந்து இருபதுக்கும் மேல் படம் செய்தார்கள். அவர் 1947-இல் போய்விட்டார். 'தி சர்ச்சர்ஸ்' படத்தில் அவர் மனைவி ஆலிவ் நடித்திருக்கிறார், மகனும் நடித்திருக்கிறார். ஆலிவுக்காகத்தான் அப்படி நின்றேன் என்று வெய்னே பின்னால் சொன்னார். இது தெரிந்த பிறகு அந்த வாசலை என்னால் பழையபடி பார்க்க முடியவில்லை.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. படத்தில் கமாஞ்சே என்ற அமெரிக்கப் பழங்குடியின் தலைவனாக வருபவர் ஜெர்மனியில் பிறந்த ஒரு வெள்ளைக்காரர். மானுமென்ட் வேலி என்ற பாறைப் பள்ளத்தாக்கில், நவஹோ பழங்குடி மக்களின் மண்ணிலேயே திரும்பத் திரும்பப் படமெடுத்தும், ஃபோர்டு பழங்குடியினரை எதிரியாகவோ கூட்டமாகவோதான் பெரும்பாலும் நிறுத்தினார். 1964-இல் செயென் என்ற பழங்குடியைப் பற்றி 'செயென் ஆட்டம்' (Cheyenne Autumn) எடுத்து அந்தக் கடனைத் தீர்க்கப் பார்த்தார். அதிலும் செயென் தலைவர்களாக நடித்தது வேறு இனத்து ஆட்கள்தான். நல்ல மனதோடு எடுத்த படம், ஆனால் ரொம்பத் தாமதம்.

இடது கண்ணுக்கு அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள். அது முடிந்ததும், தை பிறந்தவுடன் அங்கே வருகிறேன். அப்பா பக்கத்தில் ரெண்டு நாள் உட்கார்ந்திருக்க வேண்டும் போலிருக்கிறது. என் வணக்கத்தைச் சொல்.

உன் மாப்ள