தேங்காய் மாவும் கிழிந்த வாஃபிளும்: கௌரிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள கௌரி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் தாமதமானதற்கு முழங்கால்மீதுதான் பழி. இப்போது பரவாயில்லை, மாடிப்படி ஏறும்போது மட்டும் தான் இருப்பதை ஞாபகப்படுத்துகிறது. அவர் ஓய்வு பெற்று ஆறு மாதம் ஆகிவிட்டது. சமையலறையில் எந்தப் பொருள் எங்கே இருக்க வேண்டும் என்று அவருக்கு இப்போது திடமான அபிப்பிராயங்கள் வந்துவிட்டன. இரண்டு முறை அலமாரியை மாற்றி அடுக்கிவிட்டார். உப்பு டப்பாவைத் தேடியே எனக்குப் பாதிப் பொழுது போகிறது. சின்னவள் வேலை மாறிவிட்டாள். சந்தோஷமாக இருக்கிறாள் போல, போன் செய்வது குறைந்துவிட்டது.

உன் மூன்று மாத ரத்தச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 6.2 சதவீதம் என்று எழுதியிருந்தாய். 5.7 முதல் 6.4 வரை என்றால் சர்க்கரை நோய் வாசலில் நிற்கிறது, உள்ளே வரவில்லை என்று அர்த்தம். மாவுச்சத்தைக் குறைக்க நீ முடிவு செய்தது நல்லதுதான். ஆனால் குறைக்கிறேன் பேர்வழி என்று எடுத்த எடுப்பில் சூடான இரண்டு தட்டுக்கு நடுவே கட்டம் கட்டமாகச் சுடுகிற வாஃபிளை, அதுவும் தேங்காய் மாவில், செய்யப் போய்க் கை வைத்தாய் பார், அங்கேதான் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மேல் தட்டுல பாதி, கீழ் தட்டுல பாதி, நடுவுல என் மானம்" என்று எழுதியிருந்தாயே, அதை அவருக்கும் படித்துக் காட்டினேன். கோபித்துக்கொள்ளாதே. போன வருஷம் இதே கூத்து இங்கேயும் நடந்தது. பல் குத்தும் குச்சியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பள்ளமாகச் சுரண்டிய பெருமை எனக்கும் உண்டு.

உனக்கு ஆறுதலாக ஒரு கதை. 1971இல் அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் ஓட்டப் பயிற்சியாளராக இருந்த பில் பவர்மேன், மனைவியின் வாஃபிள் இயந்திரத்தைப் பார்த்து, இந்தக் கட்டம் கட்டமான அச்சிலேயே ஷூவுக்கு அடிப்பாகம் செய்தால் பிடிப்பு நன்றாக இருக்குமே என்று யோசித்தார். ரப்பர் மாதிரி இறுகுகிற யூரித்தேனை எடுத்து அதில் ஊற்றினார். ஒட்டாமல் இருக்க எதையும் தடவ மறந்துவிட்டார். இரண்டு தட்டும் ஒன்றோடொன்று ஒட்டி, அந்த இயந்திரம் அத்தோடு முடிந்தது. பிறகு நைக்கி நிறுவனத்தின் பெயர் பெற்ற வாஃபிள் ஷூ வந்தது அந்த யோசனையிலிருந்துதான். உன்னுடையது ஒட்டியதோடு சரி, திறக்கவாவது முடிந்ததே!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ எழுதியதில் எனக்கு முதலில் சந்தேகம் தட்டிய இடம் பாக்கெட். "தேங்காய்ப் பொடிதான், வெள்ளையா, கொஞ்சம் எண்ணெய்ப் பசையா இருக்கு" என்கிறாய். தேங்காய் மாவில் எண்ணெய்ப் பசை தெரியக்கூடாது. பாலோ எண்ணெயோ பிழிந்து எடுத்த பிறகு மிஞ்சுகிற சக்கையைக் காயவைத்து அரைத்ததுதான் அந்த மாவு. விரலில் தேய்த்தால் முகத்துக்குப் போடும் பவுடர் மாதிரி வறண்டு கிடக்கும். நானும் முதல் தடவை உலர்ந்த துருவலை மிக்ஸியில் பொடித்துவிட்டு, எல்லாம் ஒன்றுதானே என்று நினைத்தேன். ஒன்றில்லை. துருவலில் 100 கிராமுக்குக் கொழுப்பே 60 கிராமுக்கு மேல் இருக்கும். சூடு பட்டதும் அந்த எண்ணெய் வெளியே வந்து வாஃபிள் தன் கொழுப்பிலேயே பொரிந்து உதிர்ந்துவிடும். மாவில் கொழுப்பு பெரும்பாலும் 10 முதல் 15 கிராம்தான். மற்றதில் பெரும்பங்கு நார்ச்சத்து, 35 முதல் 40 கிராம் வரை. தேங்காய்ப் பால் பவுடர் என்று இன்னொன்று உண்டு, அது வேறு ஜாதி. தண்ணீரில் கரைந்தே போய்விடும்.

அந்த நார்ச்சத்துதான் இதில் நல்லதும் கெட்டதும். நல்லது உனக்குத் தெரியும்: மொத்த மாவுச்சத்துக் கணக்கில் பாதிக்கு மேல் நாராகவே போய்விடுவதால் ரத்தத்தில் சர்க்கரை ஏறுவது குறைவு. கெட்டது என்னவென்றால் அது ஈரத்தைக் குடிக்கிற வேகம். என் இரண்டாவது முயற்சியில், மைதா ஒரு கப் போடும் இடத்தில் தேங்காய் மாவும் ஒரு கப் போட்டேன். ஐந்து நிமிஷத்தில் கரண்டி நட்டுக்கொண்டு நின்றது. பால் ஊற்றினேன், அதையும் குடித்தது. இன்னும் ஊற்றினேன். கடைசியில் ஈர மணல் மாதிரி ஒன்றைப் பெரிய பாத்திரம் நிறைய வைத்துக்கொண்டு விழித்தேன். ஒரு கப் மைதாவுக்குக் கால் கப், ஏறிப்போனால் மூன்றில் ஒரு பங்கு, அவ்வளவுதான் தேங்காய் மாவு. மீதி இடத்தை முட்டை நிரப்ப வேண்டும்.

இரண்டு முட்டை போதாதா என்று கேட்டிருந்தாய். போதாது. மைதாவில் குளூட்டன் இருக்கிறது, அது வலை மாதிரி எல்லாவற்றையும் இழுத்துப் பிடிக்கும். தேங்காய் மாவில் அது துளிகூட இல்லை. சூட்டில் இறுகுகிற முட்டைப் புரதம் ஒன்றுதான் இங்கே பசை. நீ அதில் சிக்கனம் பிடித்தாய், அது உன்னை இரண்டாகப் பிளந்து காட்டிவிட்டது.

இப்போது நான் செய்கிற அளவு இது. நான்கு முட்டை, 35 கிராம் தேங்காய் மாவு, உருக்கிய வெண்ணெய் 50 கிராம், பால் 60 மில்லி, அரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர், ஒரு சிட்டிகை உப்பு, அரை டீஸ்பூன் வெனிலா எசென்ஸ். கை அளவு, கண் அளவு எல்லாம் இதில் வேண்டாம், தராசில் நிறுத்துவிடு. ஐந்து கிராம் கூடினாலே மாவு வேறு ஆளாகிவிடுகிறது. முட்டையும் பாலும் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துக் கொஞ்ச நேரமாவது ஆகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் உருகிய வெண்ணெய் பட்ட இடத்திலேயே உறைந்து சின்னச் சின்ன உருண்டையாக மிதக்கும். மாவைச் சலித்தே போடு. அது பாக்கெட்டிலேயே கட்டி பிடித்திருக்கும், அந்தக் கட்டி வெந்த பிறகும் கரையாது, பல்லில் மாட்டும்.

கலந்தவுடன் பார்த்தால் தண்ணீராகத்தான் இருக்கும். இங்கேதான் கை துறுதுறுக்கும், இன்னும் ஒரு ஸ்பூன் மாவு போடலாமே என்று. போடாதே! பத்து நிமிஷம் அப்படியே விட்டுவிட்டு என் கடிதத்துக்குப் பதில் எழுதுகிற மாதிரி ஏதாவது செய். திரும்பி வந்து கரண்டியால் ஒரு கோடு இழுத்துப் பார். கோடு இரண்டு விநாடி நின்று மெல்ல மூடினால் சரியான பதம். மூடவே மாட்டேன் என்றால் ஒரு ஸ்பூன் பால் சேர். இன்னும் மென்மையாக வேண்டுமென்றால் வெள்ளைக் கருவைத் தனியாக நுரைக்க அடித்து, ஊற்றுவதற்குச் சற்று முன் மெதுவாகப் புரட்டிச் சேர்க்கலாம். விருந்தாளி வந்தால் மட்டும் நான் அதைச் செய்கிறேன். நமக்கு நாமே எதற்கு அவ்வளவு மரியாதை.

அடுத்தது, வெந்துவிட்டது என்று இயந்திரத்தின் பச்சை விளக்கை நீ நம்பியது. அந்த விளக்குக்கு உள்ளே இருப்பது முட்டையா மாவா என்று தெரியாது. தட்டின் சூட்டை வைத்து அது எரிகிறது, அவ்வளவுதான். ஆவியைப் பார். மூடியதும் பக்கவாட்டில் குபுகுபுவென்று வரும், பிறகு நூல் மாதிரி இளைக்கும், அப்புறம் நின்றுவிடும். நின்ற பிறகும் ஒரு நிமிஷம் விடு. மூடியை லேசாகத் தூக்கும்போது இழுக்கிற மாதிரி இருந்தால் உடனே கையை எடுத்துவிடு, இன்னும் வேகவில்லை. முழுக்க வெந்த வாஃபிள் தானாகவே தட்டை விட்டுவிடும். என் இயந்திரத்தில் ஐந்து நிமிஷத்துக்குக் குறைந்து ஒன்றும் ஆவதில்லை. உன்னுடையது எப்படியோ, முதல் ஒன்றைப் பலி கொடுத்துப் பார்த்துக்கொள்.

எண்ணெயை பிரஷ்ஷால் தடவு. ஸ்பிரே டப்பா வேண்டாம், பலவற்றில் லெசித்தின் இருக்கிறது. அது சூட்டில் பிசினாகப் படிந்து, ஒட்டாத பூச்சையே ஒட்ட வைத்துவிடும். பழுப்பாக ஒரு படலம் தெரிகிறது என்று எழுதியிருந்தாயே, அது இதுவாகத்தான் இருக்கும் என்று தோன்றுகிறது.

இனிப்பு விஷயத்தில் என் யோசனை: மாவில் ஒன்றும் சேர்க்காதே. சர்க்கரைக்குப் பதிலாகப் போடுகிற எரித்ரிட்டால் போட்டுப் பார்த்தேன். நாக்கில் ஒரு ஜில்லிப்பு, வாய் கொப்பளிக்கும் மருந்து மாதிரி. சர்க்கரை தருகிற பொன்னிறமும் அதில் வராது. வெறும் வாஃபிளைச் சுட்டு, மேலே அடித்த க்ரீமும் நாலைந்து ஸ்ட்ராபெரியும் வைத்தால் போதும். சைலிட்டால் என்று இன்னொன்று விற்கிறார்கள், அதை உன் வீட்டுக்குள்ளேயே விடாதே. மனிதருக்குப் பரவாயில்லை, நாய்க்கு விஷம். கொஞ்சம் தின்றாலே அதன் ரத்தச் சர்க்கரை தடாலென்று இறங்கிவிடும். உன் ராஜா மேஜைக்கடியில் காத்திருக்கிற லட்சணம் எனக்குத் தெரியும்.

அல்லது இனிப்பையே மறந்துவிடு. வெனிலாவை விட்டுவிட்டு மிளகுத்தூளும் துருவிய சீஸும் போட்டுச் செய்தால் அவர் இரண்டாவதும் கேட்கிறார். முட்டை வாசனையும் இதில் அமுங்கிவிடுகிறது. ஆமாம், முட்டை வாசனை இருக்கும், மறைக்க மாட்டேன். "மைதா வாஃபிளுக்கும் இதுக்கும் வித்தியாசமே தெரியாது" என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சலாக வருகிறது. நன்றாகத் தெரியும். அந்த மொறுமொறுப்பு இரண்டு நிமிஷத்துக்கு மேல் நிற்காது, உள்ளே கேக் மாதிரி மெத்தென்று இருக்கும், தேங்காய் மணம் லேசாக வரும். அதை அதாகவே சாப்பிட்டால் எனக்குப் பிடித்திருக்கிறது. பழையதை நினைத்துக்கொண்டே சாப்பிட்டபோதெல்லாம் பாதியில் தட்டை நகர்த்திவிட்டேன்.

கணக்கும் போட்டு வைத்தேன், நீ எப்படியும் கேட்பாய். மேலே சொன்ன அளவில் நான்கு வாஃபிள் வரும். நாரைக் கழித்தால் ஒன்றுக்கு மாவுச்சத்து மூன்றரை, நான்கு கிராம். சாதாரண மைதா வாஃபிள் ஒன்றில் 25 கிராம் வரை வந்துவிடும். ஆனால் கலோரி ஒன்றுக்கு 200 பக்கம் நிற்கிறது, வெண்ணெய் சும்மா இருக்குமா. லோ கார்ப், அதாவது மாவுச்சத்து குறைவு என்றதும் எடையும் தானாக இறங்கும் என்று நினைத்து மூன்று சாப்பிட்டுவிடாதே. நான் சாப்பிட்டேன். சாயங்காலம் வரை வயிறு பலூன் மாதிரி இருந்தது. திடீரென்று அவ்வளவு நார் உள்ளே போனால் அப்படித்தான் ஆகுமாம். முதலில் ஒன்று, கூடவே நிறையத் தண்ணீர்.

இன்சுலின் போட்டுக்கொள்கிற உன் அண்ணனுக்கும் இதையே பழக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். வாஃபிள் ஒன்றும் செய்யாது. ஆனால் மொத்தச் சாப்பாட்டிலும் மாவுச்சத்தைத் திடீரென்று குறைத்தால் அதே அளவு மருந்து அவருக்கு அதிகமாகி, சர்க்கரை கிடுகிடுவென இறங்கிவிடலாம். சில மாத்திரைகளிலும் இதே வம்பு உண்டு. டாக்டரிடம் சொல்லிவிட்டு, அளவை மாற்றிக்கொண்டு ஆரம்பிக்கட்டும். நீ பாட்டுக்கு அன்பு மிகுதியில் தட்டை நீட்டாதே.

மிஞ்சினால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் கம்பி ஸ்டாண்டில் ஆறவை. அடுக்கினால் ஆவி உள்ளேயே அடைந்து சொதசொதத்துவிடும். ஆறியதும் ஃபிரீசரில் போட்டுவிட்டு, வேண்டும்போது டோஸ்டரில் சூடாக்கினால் புதிதாகச் சுட்டதைவிட மொறுமொறுப்பாக வருகிறது. எங்கள் வீட்டில் இந்த வேலை இப்போது அவருடையது. ஃபிரீசரில்கூட தேதி எழுதி அடுக்கி வைத்திருக்கிறார், சாப்பிட வேண்டும் என்றால் பழைய தேதியைத்தான் முதலில் எடுக்க வேண்டுமாம்.

உன் மருமகள் எப்படி இருக்கிறாள்? போன கடிதத்தில் பாதியில் விட்டுவிட்டு வாஃபிளுக்குத் தாவிவிட்டாய். அதை முழுசாக எழுது. அப்புறம், முதல் வேலையாக அந்தப் பாக்கெட்டைத் திருப்பிப் பார். 100 கிராமுக்குக் கொழுப்பு எவ்வளவு, நார்ச்சத்து எவ்வளவு என்று இரண்டே இரண்டு எண்ணைக் குறித்து அனுப்பு. கொழுப்பு 60க்கு மேல் என்றால் நீ துருவலைத்தான் மாவு என்று சொல்லிக்கொண்டிருக்கிறாய், இயந்திரத்தைத் திட்டியதற்கு அதனிடம் மன்னிப்புக் கேட்டுவிடு.

அன்புடன்,
மீரா